சுவருக்கு வண்ணம் போதும், கணக்கறைக்கு ஆள் அனுப்புங்கள்

பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) துறைத் தலைவர்களுக்கும், அந்தத் துறையின் வரவு செலவுக்கு ஒப்புதல் தரும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

ஜனவரி முதல் வாரத்தில் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மொத்தம் ஆறு வரி. ஊழியர்கள் தங்கள் தொழில் திறனைக் கொண்டு தொண்டு அமைப்புகளுக்கு உதவும் திட்டம் உடனடியாக நிறுத்தப்படுகிறது. அதற்கு ஈடாக மார்ச் மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை 120 ஊழியர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள், சுவர்களுக்கு வண்ணம் பூசுவார்கள், பிள்ளைகளோடு விளையாடுவார்கள், மதிய உணவையும் அவர்களே கொண்டுவருவார்கள். வசதியான தேதியைத் தெரிவிக்கவும்.

நான் தேதி தெரிவிக்கவில்லை. போன் செய்து காரணம் கேட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க ப்ராஜெக்ட்ல மொத்தமே நாலு பேர்தான் பங்கேற்றிருக்காங்க. மேலே எண்ணிக்கை கேட்கறாங்க. ஒரு நாள் நிகழ்ச்சின்னா நூறு, நூத்தியிருபது பேர் வந்துடுவாங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த எண்ணிக்கையை மேலே உட்கார்ந்து கேட்பவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

செய்யாறுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் உள்ள 64 பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளி எங்களுடையது. ஒன்பது சிறப்பாசிரியர்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு ஆயாக்கள், ஒரு வேன். கணக்கு, ரசீது, அரசுக் கடிதங்கள், பிள்ளைகளின் பதிவேடுகள், வங்கி வேலை, ஆடிட்டர் அலுவலகத்துக்கு அலைவது எல்லாம் நான். பதினான்கு வருஷமாக இந்த வேலை. பி.காம். படித்திருக்கிறேன். கணினி நானாகப் பழகிக்கொண்டது.

எங்கள் சுவருக்கு ஐந்து வருஷத்தில் நான்கு முறை வண்ணம் பூசியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறுவனம். முன் வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஓரிடத்தில் அது பெயர்ந்து நிற்கிறது. ஒரு சில்லை உடைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள், வான நீலம், இளம்பச்சை, மறுபடி மஞ்சள் என்று நான்கு அடுக்கும் தெரியும். அடியில் ஈரம் அப்படியே இருக்கிறது. தொட்டிக் குழாய் கசிந்து ஊறும் ஈரம் அது. ஒரு பிளம்பர் வந்தால் அரை நாளில் தீரும். வண்ணம் பூச வந்த எந்தக் குழுவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லத் துணியவில்லை. கொடுக்க வருகிறவர்களிடம் "இது வேண்டாம், அது வேண்டும்" என்று சொல்ல எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு வாய் வருவதில்லை. அது எங்கள் தவறுதான். இந்த மடலோடு அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கடைசி முறை பூசியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு பையன், பதினோரு வயது. அவன் வகுப்பில் ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல் இருந்தது, ஒரு சாண் நீளம். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கே போவான். விரிசலை மேலிருந்து கீழாக ஆள்காட்டி விரலால் ஒரு தரம் தடவுவான். அப்புறம்தான் பாயில் உட்காருவான். பள்ளி நாள் தொடங்கிவிட்டது என்று அவன் மனசுக்கு அதுதான் அடையாளம். அதைக் கண்டுபிடிக்கவே அவனுடைய ஆசிரியைக்கு மூன்று மாதம் ஆனது. உங்கள் ஊழியர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அந்த விரிசலில் பட்டி வைத்துத் தேய்த்து மேலே வண்ணம் அடித்தார்கள். திங்கட்கிழமை வந்த பையன் சுவரைத் தேடினான். இடது கை, வலது கை, இரண்டு உள்ளங்கையாலும் தேடினான். பிறகு தலையை அதே இடத்தில் மோத ஆரம்பித்தான். அவன் பழையபடி பாயில் உட்கார ஒன்பது நாள் ஆயிற்று. பெயிண்ட் நெடி தாங்காமல் வலிப்பு வரும் பிள்ளைகள் இருவரை ஒரு வாரம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். இது எதுவும் உங்கள் அறிக்கையில் இருக்காது. நாங்கள் எழுதித் தரவில்லையே, எப்படி இருக்கும்?

அந்த நால்வரைப் பற்றிச் சொல்கிறேன்.

போன செப்டம்பரில் வந்தார்கள். இரண்டு பேர் மென்பொருள் பொறியாளர்கள், ஒருவர் நிதிப் பிரிவு, இன்னொரு பெண் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வருவார்கள். நடுவில் புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பு. முதல் மூன்று சந்திப்புகளில் லேப்டாப்பையே திறக்கவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் ஒரு ரசீது போடுவதையும், ஒரு தாய் வந்து சான்று கேட்பதையும், நான் அதற்காக எத்தனை நோட்டு புரட்டுகிறேன் என்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏழு நோட்டு. வருகை, தெரபி, யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, காப்பீடு, வேன், நன்கொடை, மருத்துவக் குறிப்பு.

ஒரே பிள்ளையின் பெயர் ஏழிலும் ஒரே மாதிரி இருக்காது. ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும், யுடிஐடியில் முன்னெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். காப்பீட்டுத் தொகை கேட்டு விண்ணப்பித்தால் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பிவரும். சென்னையில் உட்கார்ந்து செயலி எழுதுகிற ஒருவருக்கு இது தோன்றவே தோன்றாது. அந்தத் தம்பிகள் என் எதிரே உட்கார்ந்திருந்ததால் தெரிந்துகொண்டார்கள்.

நிரமயா காப்பீடு பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். மார்ச் 31-ஐத் தாண்டினால் பாதுகாப்பு போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையனுக்குப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். அவன் பெயர் காப்பீட்டு நோட்டில் ஒரு பக்கம் தள்ளி, வேறொருவர் கையெழுத்தில் இருந்தது. என் கண்ணில் படவில்லை. ஜூனில் அவனுக்கு விடாத வலிப்பு வந்து காஞ்சிபுரத்தில் ஐந்து நாள் படுக்கையில் இருந்தான். அவன் அம்மா நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கு வரும்போது காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். இன்றும் அவர் வாசலில் வந்து நின்றால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

இதை அந்த நால்வரிடம் சொன்னேன். அவர்கள் செய்தது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. கணினியில் ஒரே ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு வரிசை. காப்பீடு முடியும் நாள், மாற்றுத்திறன் சான்று தற்காலிகமானது என்றால் மறுபடி மருத்துவக் குழுவுக்குப் போகவேண்டிய நாள், மூன்று ஆவணங்களிலும் பெயர் எப்படி இருக்கிறது என்ற மூன்று கட்டங்கள். கெடுவுக்கு 60 நாள் இருக்கும்போது அந்தக் கட்டம் சிவப்பாகும். அவ்வளவுதான். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுப் பெண் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "தெரபிக் குறிப்பை எந்த நேரத்துல எழுதுவீங்க அக்கா?" பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்ட பிறகு, மூன்றே முக்காலுக்கு, நின்றுகொண்டே. அன்றே அவள் 22 கட்டமாக இருந்த படிவத்தை ஐந்தாகக் குறைத்தாள். நின்றுகொண்டே போனில் தட்டிவிடலாம். இப்போது ஒன்பது ஆசிரியர்களும் தினமும் எழுதுகிறார்கள். முன்பு மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவார்கள்.

நிதிப் பிரிவுத் தம்பி செய்தது இன்னொன்று. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி சான்று உள்ள அமைப்புகள், நன்கொடை தந்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் எண்ணோடு வருமான வரித்துறைக்குப் படிவம் 10பிடி தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து வந்தது. முதல் கெடு 2022 மே 31. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். எங்கள் நன்கொடையாளர்கள் யார்? அப்பாவின் திதிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள், முதல் சம்பளத்தில் ஐநூறு ரூபாய் தருகிறவர்கள், பஸ் நிலையத்து டீக்கடைக்காரர். ரசீதுப் புத்தகத்தில் "டீக்கடை அண்ணன்" என்றுதான் இருக்கும். மே மாதம் முழுக்க நான் வீடு வீடாகப் போய்ப் பான் எண் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி ரசீதின் அச்சு வடிவத்தையே மாற்றிக் கொடுத்தான். பான் எண்ணுக்கு ஒரு கட்டம், கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம், பணம் வாங்கும்போதே இரண்டையும் கேட்டு எழுத வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான். இத்தனை வருஷம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தினமும் தீயணைக்கிற வேலையில் இருப்பவளுக்கு அடுப்பை எங்கே மாற்றி வைக்கலாம் என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை, அதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது அந்தத் தாளில் 38 பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். 26 பேர் பாக்கி. பழைய நன்கொடைகளை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது பாதியில் நிற்கிறது. தாள் தானாகக் கைபேசிக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலை தொடங்கவே இல்லை. இன்னும் ஆறு வாரம் போதும் என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். பாதி நோட்டில், பாதி கணினியில் என்பது முழுவதும் நோட்டில் இருந்ததைவிட ஆபத்து. எந்தப் பிள்ளையின் விவரம் எதில் இருக்கிறது என்பதை இப்போது என் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் முடிந்தது.

சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை. நீங்கள் அறியாததல்ல, ஆனால் எங்களிடம் பேசும்போது உங்கள் அலுவலர்கள் அதைத் தவறாகவே சொல்கிறார்கள்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஊழியர்கள் தரும் நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 விழுக்காட்டில் சேர்க்க முடியாது என்று கம்பெனிகள் விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிட்ட 14/2021 சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் ஆர்வம் எங்கே வடிந்தது என்பது எனக்குப் புரிகிறது. கணக்கில் ஏறாத வேலைக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. மதிப்பில்லாததை நியாயப்படுத்த வேறு ஓர் எண் தேவைப்படுகிறது. அந்த எண்தான் 120 பேர், 120 டி-ஷர்ட், குழுப் புகைப்படம். ஆனால் அதே சுற்றறிக்கை, அதே பதிலில், ஊழியர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்த நிறுவனங்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரியையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. திட்ட முன்மொழிவில் கணக்கருக்கு அரைச் சம்பளம் என்று ஒரு வரி எழுதினால், "நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, சட்டம்" என்று அடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது, மூன்றும் வெவ்வேறு நிறுவனம். அந்த 5 விழுக்காடு உச்சவரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் துறையை நடத்தத் தானே செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்கானது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் வராது என்று 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின் வரையறையிலேயே இருக்கிறது. உங்களுக்கான வரம்பை எங்கள் கழுத்தில் போட்டுவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு நாற்காலி வாங்கப் பணம் உண்டு, அந்த நாற்காலிக்குக் கணக்கு எழுதுகிறவளுக்குக் கிடையாது. கணக்கில் ஒரு பிழை வந்தால் அமைப்பின் பதிவே ரத்தாகலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். திறன் உள்ளவர்களை அனுப்புங்கள் என்று நான் இவ்வளவு மன்றாடுவது இதனால்தான். அந்தத் திறனை விலைக்கு வாங்கும் வழியை நீங்கள்தான் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

தொண்டு அமைப்பு என்றால் இரக்கத்தால் நடப்பது, நிர்வாகம் அதற்கு எதற்கு என்று நினைப்பவர்கள் நம் ஊர் வரலாற்றையே பார்க்கலாம். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் பார்க்க வருகிற இடமாக இருக்கிறது. கண் மருத்துவம் படிக்காத ஆர்.டி. துளசிராஜ், கல்கத்தா ஐஐஎம்மில் நிர்வாகம் படித்தவர், உள்ளே வந்து முறைமைகளை அமைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்த நிர்வாக அறிவை மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே 1992-இல் லைகோ என்று தனி நிறுவனம் வைத்தார்கள். எங்கள் துறைக்கே வருகிறேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அவரோடு தோள்கொடுத்து நிற்கும் எஸ். சங்கர ராமன் தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர், தொழிலால் பட்டயக் கணக்காளர். ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளைத் தொட்ட அந்தச் சங்கத்தின் அடித்தளத்தில் ஒரு கணக்காளரின் கை இருக்கிறது. ஆய்க்குடிக்கு ஒருமுறை பயிற்சிக்குப் போயிருந்தேன். அவர்கள் கோப்புகளை அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமையும் இல்லை, வருத்தமும் இல்லை, ஒரு பசி மாதிரி.

எல்லாரும் அவர்களைப் போல வாழ்நாளையே கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் 2008-லேயே தன் ஊழியர்களைக் குழுவாக ஒரு மாதம் வெளிநாடுகளுக்கு அனுப்பி உள்ளூர் அமைப்புகளின் சிக்கல்களைத் தீர்க்க வைத்தது. டாடா குழுமம் 2014-இல் தொடங்கிய புரோஎங்கேஜ் திட்டத்தில் ஊழியர்கள் வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் வரை ஒரே அமைப்போடு பகுதி நேரமாகப் பணி செய்கிறார்கள். செய்ய முடியாததை நான் கேட்கவில்லை.

திறன் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு நிறுவனத்துக் குழு எங்களுக்கு ஒரு செயலி செய்து கொடுத்தது. முழுக்க ஆங்கிலம். எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேரின் போனில் அது திறக்கவே இல்லை. ஒருநாள் விழா வைத்துத் தொடக்கிவைத்தார்கள், கேக் வெட்டினோம். மூன்றாம் மாதம் அது நின்றது. பாஸ்வேர்டு ஒரு தம்பியின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது, அவர் வேலை மாறி பெங்களூர் போய்விட்டார். பிள்ளைகளின் நோய் விவரம், பெற்றோர் எண், வீட்டு முகவரி எல்லாம் அதற்குள். இன்றுவரை அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்னொரு குழு "ஐந்தாண்டு வியூகம்" என்று 40 பக்கம் தயாரித்துத் தந்தது. அதில் எங்கள் வேன் டிரைவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்ற செய்தி இல்லை. கேட்கவே இல்லை, எப்படி இருக்கும். இந்த நால்வர் வேறுபட்டது அவர்களுடைய திறமையால் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். மூன்று சனிக்கிழமை சும்மா உட்கார்ந்து பார்த்தார்களே, அதனால்.

இனி என் கோரிக்கைகள்.

முதலில், அந்த மின்னஞ்சலை அனுப்பிய நிறுவனத்துக்கு. அந்த நால்வருக்கும் ஆறு வாரம் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் நால்வரும் தயாராக இருக்கிறார்கள். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அலுவலக லேப்டாப்பையும் மென்பொருளையும் பயன்படுத்த முடியாது என்பதால்தான் நிற்கிறார்கள். பஸ் கட்டணம் உங்களுக்குச் சுமை என்றால் நாங்கள் கொடுக்கிறோம். 120 பேர் வரும் நாளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து அந்தத் தண்ணீர்த் தொட்டிக் குழாயை மாற்றிக் கொடுங்கள். சுவருக்கு வண்ணம் வேண்டாம்.

மற்ற எல்லாருக்கும்: பங்கேற்ற ஊழியர் எண்ணிக்கையையும் மணிக்கணக்கையும் வெற்றியின் அளவாக வைப்பதை நிறுத்துங்கள். சிஎஸ்ஆர் கடமை சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒரு கோடியோ அதற்கு மேலோ செலவான திட்டத்தை, அது முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு வெளியாரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றனவே, அதே கண்ணால் இதையும் பாருங்கள். ஊழியர்கள் செய்து கொடுத்தது ஒரு வருஷம் கழித்தும் அங்கே புழக்கத்தில் இருக்கிறதா? ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். இல்லை என்றால் ஏன் என்று எங்களைச் சொல்லச் சொல்லுங்கள், அதற்காக அடுத்த வருஷ நிதியை வெட்ட மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த உறுதி இல்லாமல் எந்தச் சிறிய அமைப்பும் உண்மை பேசாது.

ஊழியர் தரும் நேரம் அவருடைய சொந்த ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது. மாதத்தில் எட்டு மணி நேரம் அலுவல் நேரத்திலேயே ஒதுக்குங்கள், அவருடைய மேலாளருக்கு அது தெரிந்திருக்கட்டும், ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரியாக ஏறட்டும். எங்களிடம் வந்த பெண் ஒருமுறை என் கணக்கறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று தன் மேலாளரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல வேலை செய்ய ஒரு பிள்ளை பொய் சொல்லவேண்டிய நிலை வேண்டாம்.

அனுப்பும் முன் எங்களைக் கேளுங்கள். படிவம் அனுப்பாதீர்கள், ஒருவரை அனுப்புங்கள், தமிழில் பேசுகிறவராக. சென்னையைச் சுற்றியுள்ள பெயர் பெற்ற அமைப்புகளுக்கே எல்லாரும் போகிறார்கள். செய்யாறு, போளூர், செங்கம், கல்வராயன் மலைப் பக்கம் கணக்கருக்கே வழியில்லாத அமைப்புகள் எத்தனையோ. தூரம் தடை என்றால் முதல் இரண்டு முறை நேரில் வரட்டும், மற்றது வீடியோவில் நடக்கும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

வேலை தொடங்கும் நாளிலேயே முடிக்கும் நாளையும் கைமாற்றும் முறையையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எந்தக் கணக்கும் அமைப்பின் மின்னஞ்சலில்தான் திறக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் விவரம் ஊழியரின் சொந்தக் கணினியில் தங்கக் கூடாது. பயன்படுத்தும் முறை தமிழில் நான்கு பக்கம் எழுதிவைக்கப்பட வேண்டும், நான் இல்லாத நாளில் ஆயாகூடப் பார்த்துச் செய்யும்படி. பிள்ளைகளைப் படம் எடுப்பது பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வேண்டவே வேண்டாம். நடுவில் நிறுவனத்தின் கொள்கை மாறினாலும் தொடங்கிய வேலையை முடித்துவிட்டுத்தான் ஆளைத் திரும்பப் பெற வேண்டும்.

5 விழுக்காடு பற்றி உங்கள் அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், அது யாருக்கான வரம்பு என்று. எங்கள் திட்டச் செலவில் கணக்கருக்கும் மென்பொருளுக்கும் தணிக்கைக்கும் ஒரு வரி இருக்க அனுமதியுங்கள். தன்னார்வலர் கட்டிக் கொடுத்ததைக் காப்பாற்ற ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

இயக்குநர் குழு உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஊழியர்களின் திறன் பணியை 2 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆண்டறிக்கையில் அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எழுதுங்கள். எத்தனை அமைப்புகளுக்கு, என்ன வேலை, எவ்வளவு நாள், இப்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று. நீங்கள் கேட்டால்தான் கீழே இருப்பவர்கள் செய்வார்கள்.

நிரமயா புதுப்பிக்கும் கெடு மார்ச் 31. அந்த 26 பிள்ளைகளின் பெயரும் அதற்குள் தாளில் ஏற வேண்டும். பிப்ரவரி முதல் சனிக்கிழமைக்குள் அந்த நிறுவனத்தின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அன்று காலை பத்து மணிக்குக் கணக்கறையைத் திறந்து வைத்திருப்பேன், ஏழு நோட்டுகளும் மேசைமேல் இருக்கும்.

இப்படிக்கு,
கணக்கர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளி,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்